இரும்பு மாத்திரையும் கட்டன் சாயாவும்

திருவனந்தபுரத்தை அடுத்த கார்யவட்டத்தில் 1985இல் தொடங்கப்பட்ட லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியிலும், நகரெங்கும் பரவியுள்ள ஜிம்களிலும் பயிற்சி பெறுவோரிடையே புரதப் பொடி, கிரியேட்டின், இரும்பு மாத்திரை, மஞ்சள் கேப்ஸ்யூல் போன்ற துணையுணவுகள் இன்று பரவலாகப் பேசப்படுகின்றன. எதை வாங்குவது, எவ்வளவு உட்கொள்வது என்பதில் காட்டப்படும் அக்கறை, அதனுடன் எதை உண்கிறோம், எதைக் குடிக்கிறோம் என்பதில் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. விழுங்கியது முழுவதும் உடலில் சேர்ந்துவிடுவதில்லை. சிறுகுடலின் சுவரைக் கடந்து குருதியில் கலக்கும் பங்கு மட்டுமே பயன்படுகிறது, உறிஞ்சுதல் எனப்படுவது இதுவே.

இவற்றுள் உணவின் குறுக்கீட்டுக்கு மிகுதியாக ஆட்படுவது இரும்பு. மாதவிடாயாலும் வியர்வையாலும் இரும்பை இழக்கின்ற ஓட்டப் பந்தயப் பெண்களுக்கு மருத்துவர்கள் இம்மாத்திரையைப் பரிந்துரைப்பது வழக்கம். ஆனால் புட்டும் கடலைக்கறியும் கொண்ட காலை உணவுக்குப் பின் மாத்திரையை விழுங்கி, உடனே பால் சேர்க்காத தேநீரான கட்டன் சாயாவையும் குடித்தால், தேயிலையிலுள்ள டானின் போன்ற பாலிஃபீனால்கள், அதாவது துவர்ப்புச் சுவை தரும் தாவரச் சேர்மங்கள், குடலிலேயே இரும்பைப் பிணைத்துக் கரையாத பொருளாக்கிவிடுகின்றன. உணவோடு குடிக்கும் ஒரு கோப்பைத் தேநீர், தாவர உணவிலுள்ள இரும்பின் உறிஞ்சுதலைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடக்கூடும் என ஆய்வுகள் காட்டியுள்ளன. காப்பியும் இதையே சற்றுக் குறைந்த அளவில் செய்கிறது. கடலையிலுள்ள ஃபைட்டேட் என்னும் சேர்மமும், பாலிலுள்ள கால்சியமும் அத்தடைக்கு வலுவூட்டுகின்றன. மாறாக, எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பைக் கரையும் நிலையில் வைத்திருப்பதால் உறிஞ்சுதல் உயர்கிறது. மீன்கறியும் உடன் உண்ணும் தாவர உணவின் இரும்பை உடலில் சேர்க்க உதவுகிறது. தேநீரை விட்டுவிட வேண்டும் என்பதில்லை, ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தாலே அதன் தடை வெகுவாகக் குறைகிறது. கடும் பயிற்சிக்குப் பின் மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் உயர்ந்து, இரும்பு குருதிக்குள் செல்லும் வாயிலை அடைத்துவிடுகிறது என்பதையும் இங்கே கருத்தில் கொள்ள வேண்டும். ஆகவே மாலைப் பயிற்சிக்குச் செல்வோருக்குக் காலை வேளையே மாத்திரைக்கு ஏற்றது.

உணவு தடையாக அன்றித் துணையாக அமைவதற்கு, கேரளம் உலகுக்கே அனுப்பிய மிளகைவிடச் சிறந்த சான்று இல்லை. தசைவலியைத் தணிக்கும் என்ற நம்பிக்கையில் உட்கொள்ளப்படும் மஞ்சளின் குர்குமின், தனியே சென்றால் குருதியில் ஏறக்குறையத் தென்படுவதே இல்லை. பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் மட்டும் சேர்த்தபோது, குருதியை எட்டிய குர்குமின் பன்மடங்கு, கணக்கில் 2000 சதவீதம், உயர்ந்தது. கறியில் தூவும் சிட்டிகை மிளகிலேயே ஏறத்தாழ இவ்வளவு பைப்பரின் கிடைத்துவிடும். ஆயினும் பைப்பரின் குடலிலும் கல்லீரலிலும் நடக்கும் கழிவுநீக்கத்தைத் தடுத்தே இதைச் சாதிப்பதால், பிற மருந்துகளின் அளவும் குருதியில் உயரக்கூடும்; செறிவூட்டிய மஞ்சள், மிளகு கேப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டோர் பற்றிய மருத்துவப் பதிவுகளும் உள்ளன. சமையலறையின் அளவு பாதுகாப்பானது. கேப்ஸ்யூலின் அளவை அப்படி எண்ணிவிடலாகாது.

கிரியேட்டினைப் பொறுத்தவரை, 5 கிராமுடன் 93 கிராம் சர்க்கரைப் பொருளை உட்கொண்டபோது இன்சுலின் உயர்ந்து, தசையில் சேர்ந்த அளவு ஏறத்தாழ 60 சதவீதம் கூடியதாக 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அவ்வளவு சர்க்கரையை நாள்தோறும் பலமுறை குடிப்பது வீண்; நாளொன்றுக்கு 3 கிராம் வீதம் நான்கு வாரம் உட்கொண்டால் தசை அதே நிறைவை எட்டுகிறது என்பதும் அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வின் முடிவு. எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பு நீரில் அதைக் கலந்து நெடுநேரம் வைத்தால் மட்டும், கிரியேட்டினின் என்னும் பயனற்ற பொருளாகச் சிதைந்துவிடும்.

மோர்ப்புரதம் எனப்படும் வே புரதத்தைத் தண்ணீரில் கலந்தால் விரைவாகவும், பாலில் கலந்தால் மெதுவாகவும் உறிஞ்சப்படுகிறது என்பதற்கு மேல் அதில் பெரிய வேறுபாடில்லை. வைட்டமின் டி கொழுப்பில் கரைவதால் தேங்காய் சேர்ந்த மதிய உணவோடு உட்கொள்வது நன்று. தைராய்டு மாத்திரை உட்கொள்வோர் மட்டும், இரும்பும் கால்சியமும் அதன் உறிஞ்சுதலைத் தடுப்பதால், இவற்றுக்கிடையே நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும்.

பயிற்றுநர்களும் விடுதிச் சமையலறைப் பொறுப்பாளர்களும் விளையாட்டுப் பெண்களின் இரும்பு மாத்திரை வேளையில் தேநீருக்கு மாறாக எலுமிச்சை நீரையோ நெல்லிக்காயையோ வைத்து, சாயாவை ஒரு மணி நேரம் கழித்து வழங்க வேண்டும். இதற்குக் கூடுதல் செலவு ஏதும் ஆகப்போவதில்லை.