செம்பா, பிளாஸ்டிக்கா?

வீட்டில் புளி போட்டுத் துலக்கிய செப்புச் சொம்பு ஒன்று இருந்தால் எடுத்து வாருங்கள். அதோடு ஏறத்தாழ அதே செம்பழுப்பு நிறத்தில் பளபளப்பான பிளாஸ்டிக் குவளை ஒன்றும் வேண்டும். இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு, எட்ட நிற்கும் தம்பியையோ தங்கையையோ கேளுங்கள். தொட்டுப் பார்க்காமல், தட்டிப் பார்க்காமல், எது உலோகம், எது பிளாஸ்டிக் என்று உடனே சொல்லிவிடுவார்கள். நிறம் ஏறக்குறைய ஒன்றுதான். மேலே விழும் வெளிச்சமும் ஒன்றுதான். பின் எதைக் கொண்டு கண் தீர்மானித்தது?

1970களில் கணிப்பொறியைக் கொண்டு படம் வரைந்தவர்களுக்கு இந்தக் கேள்வி பெரிய தொல்லையாக இருந்தது. அவர்கள் தங்கக் கிண்ணம் வரைந்தாலும் சரி, மரப்பெட்டி வரைந்தாலும் சரி, எல்லாமே பிளாஸ்டிக் பொம்மை போலத்தான் தெரிந்தன. வடிவத்தில் குற்றம் இல்லை, நிறத்திலும் குற்றம் இல்லை. ஆனாலும் பார்த்தவுடன், 'இது பொம்மை!' என்று கண் சொல்லிவிடும்.

விடையை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, வெள்ளை ஒளி தரும் டார்ச் ஒன்றைக் காதருகே பிடித்துக்கொண்டு, ஒரு கை தூரத்திலிருந்து இரண்டு பாத்திரங்கள்மீதும் அடியுங்கள். டார்ச் முகப்பில் மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டிக்கொண்டால் கண் கூசாது. ஒவ்வொன்றிலும் டார்ச்சின் உருவம் சிறிய ஒளிப்பொட்டாகத் தெரியும். பாத்திரத்தை மறந்துவிட்டு அந்தப் பொட்டின் நிறத்தை மட்டும் பாருங்கள். பிறகு பொட்டுக்கு வெளியே உள்ள பகுதி எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். கண்டதை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

கணிப்பொறி கேட்கும் கேள்வி

கணிப்பொறிக்குச் செம்பும் தெரியாது, துணியும் தெரியாது. அது வரையும் படம் இலட்சக்கணக்கான சிறு புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கொடுக்கும்போது அது ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: 'இந்தத் திசையிலிருந்து இவ்வளவு ஒளி வந்து விழுகிறது. அதில் எவ்வளவு, கண் இருக்கும் திசையில் புறப்பட்டுப் போகும்?' இந்தக் கேள்விக்கு விடை தரும் விதி எதுவோ, அதுதான் கணிப்பொறியைப் பொறுத்தவரை அந்தப் பொருள். விதியை மாற்றினால் பொருளும் மாறிவிடும்.

மிக எளிய விதி ஒன்றைக் கணிப்பொறி பிறப்பதற்கு இரு நூற்றாண்டுகள் முன்பே ஒருவர் எழுதிவிட்டார். தையற்காரர் ஒருவரின் மகனான யோகான் ஹைன்ரிச் லாம்பர்ட் என்ற அறிஞர், 1760இல் வெளியிட்ட 'ஃபோட்டோமெட்ரியா' என்ற நூலில் அதைத் தந்தார். சுண்ணாம்புச் சுவர் போன்ற பரப்பு, தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திசைகளிலும் வாரி இறைக்கிறது. எங்கே நின்று பார்த்தாலும் அது ஒரே பொலிவாகத் தெரியும். அதன் பொலிவு, ஒளி எவ்வளவு சாய்வாக விழுகிறது என்பதை மட்டுமே பொறுத்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தை வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள். பிறகு 60 பாகை சாயுங்கள். அதே அளவு ஒளி இப்போது இரு மடங்கு பரப்பில் பரவ வேண்டியிருக்கிறது. ஆகவே பொலிவு பாதியாகிறது. கொசைன் 60 பாகை ½ என்று கணக்கு வகுப்பில் படித்திருப்பீர்களே, அதேதான் இது.

இந்த விதி எல்லா இடத்திலும் செல்லுமா? அடுத்த பௌர்ணமியன்று நிலவைப் பாருங்கள். லாம்பர்ட் சொன்னபடி நடந்தால் நிலவின் நடுப்பகுதி பிரகாசமாகவும், ஓரங்கள் மங்கியும், ஒரு பந்தைப் போலத் தெரியவேண்டும். ஆனால் முழுநிலவு ஓரம் வரை வெளிச்சமாக, வெள்ளித் தட்டு போலல்லவா தெரிகிறது! நிலவின் தரை கரடுமுரடானது. பௌர்ணமியில் கதிரவன் ஏறக்குறைய நம் முதுகுப் பக்கம் இருக்கிறான். மேடுகளில் வெயில் படும் பக்கங்களே நம் பார்வைக்கு வருகின்றன. நிழல் பக்கங்கள் மேடுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. ஓரத்திலும் இதே கதைதான். இத்தகைய கரடுமுரடான பரப்புகளுக்கு ஏற்ற சூத்திரத்தை 1994இல் மைக்கேல் ஓரென் என்பவரும், இந்தியாவில் பொறியியல் பயின்று அமெரிக்கா சென்ற ஸ்ரீ நாயரும் தந்தார்கள். மண்ஜாடி ஒன்றின் புகைப்படத்தோடு ஒப்பிட்டு, லாம்பர்ட் விதி எங்கே தவறுகிறது என்று காட்டினார்கள்.

பளபளப்புக்கு ஒரு சூத்திரம்

சுண்ணாம்புச் சுவர் இருக்கட்டும். பளபளப்பு எப்படி வருகிறது? கண்ணாடியில் படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். மெருகேறிய மற்றப் பொருள்களில் ஒளி அந்த எதிரொளிப்புத் திசையில் மிகுதியாகவும், அதைச் சுற்றிலும் குறைந்துகொண்டே போவதாகவும் இருக்கிறது. எவ்வளவு வேகமாகக் குறைகிறது?

வியட்நாமின் ஹனோய் நகரில் 1942இல் பிறந்த புய் துவோங் ஃபோங் இதற்கு ஒரு வழி சொன்னார். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து 1973இல் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். எதிரொளிப்புத் திசைக்கும் கண்ணின் திசைக்கும் இடையே உள்ள கோணத்தை எடுத்துக்கொள். அதன் கொசைனை ஒரு பெரிய எண்ணின் அடுக்குக்கு உயர்த்து. அவ்வளவுதான்!

நீங்களே போட்டுப் பாருங்கள். கொசைன் 10 பாகை என்பது 0.985. அடுக்கு 10 என்றால் விடை ஏறக்குறைய 0.86. அடுக்கு 100 என்றால் 0.22தான். 20 பாகை விலகினால், அடுக்கு 10க்கு 0.54 மிஞ்சும், அடுக்கு 100க்கு 0.002. அதாவது அடுக்கு சிறியதானால் ஒளிப்பொட்டு அகன்று மங்கலாக இருக்கும். பெரியதானால் குண்டூசித் தலைபோல் சுருங்கிக் கூர்மையாகும். ஒரே ஒரு எண்ணைத் திருகினால் போதும், மெருகு ஏறும், இறங்கும்.

இந்தக் கட்டுரை அச்சேறிய அதே 1975ஆம் ஆண்டில், இரத்தப் புற்றுநோயால் ஃபோங் காலமானார். அவருக்கு 33 வயதுகூட நிரம்பவில்லை. அவர் பெயரால் வழங்கும் சூத்திரமோ அதற்குப் பிறகு பல ஆண்டுகள் உலகெங்கும் கணிப்பொறிப் படங்களை மினுங்க வைத்தது.

ஆனால் அது இயற்பியலிலிருந்து பிறந்த சூத்திரம் அல்ல. கண்ணுக்குச் சரியாகப் பட்ட சூத்திரம். இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. அன்றைய கணிப்பொறிகளின் வேகத்தை எண்ணிப் பார்த்தால், எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகவே படுகிறது. எனினும் இரண்டு சங்கடங்கள் இருந்தன. ஒன்று, எண்களைக் கவனமின்றி அமைத்தால் 100 பங்கு ஒளி விழுந்த இடத்திலிருந்து 120 பங்கு புறப்பட்டுவிடும். ஆற்றல் அழிவின்மை விதி என்ன ஆவது? இரண்டாவது, பொருள் எதுவாயினும் ஒளிப்பொட்டை விளக்கின் நிறத்திலேயே, பெரும்பாலும் வெள்ளையாகவே, வைத்துவிடுவது அன்றைய வழக்கம். பொம்மையின் இரகசியம் இங்கேதான் இருந்தது.

நோட்டுப் புத்தகத்தைத் திறங்கள்

என்ன எழுதியிருக்கிறீர்கள்? பிளாஸ்டிக் குவளையில் பொட்டு வெள்ளையாக இருந்திருக்கும். செம்பில் அது செம்மஞ்சளாக இருந்திருக்கும். பொட்டுக்கு வெளியே குவளை முழுதும் பழுப்பு நிறமாகத் தெரிந்திருக்கும். நன்றாகத் துலக்கிய செம்போ, அறையின் இருட்டையே காட்டிக்கொண்டு கறுத்துக் கிடந்திருக்கும்.

காரணம் இதுதான். பிளாஸ்டிக் என்பது தெளிவான ஒரு பொருளுக்குள் நிறமித் துகள்கள் கலந்தது. ஒளி நேராக விழும்போது ஏறத்தாழ 100க்கு 4 பங்கு மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். உள்ளே போகாத ஒளிக்கு நிறம் எங்கிருந்து வரும்? அது வெள்ளையாகவே திரும்புகிறது. மிச்சம் உள்ளே புகுந்து, துகள்களில் முட்டி மோதி, நீலத்தையும் பச்சையையும் பெருமளவு பறிகொடுத்துவிட்டு, பழுப்பாக எல்லாத் திசைகளிலும் வெளியேறுகிறது. ஆகவே பிளாஸ்டிக்கிலிருந்து இரண்டு வகை ஒளி வருகிறது: மேலே வெள்ளை மினுக்கு, உள்ளிருந்து நிறம்.

செம்பில் இந்த 'உள்ளிருந்து' என்பதே கிடையாது. அதிலுள்ள கட்டற்ற எலெக்ட்ரான்கள் ஒளியை ஆழப் புகவிடுவதில்லை. பெரும்பகுதியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. நீலத்தைவிடச் சிவப்பை மிகுதியாகத் திருப்புவது செம்பின் இயல்பு. ஆகவே திரும்பும் ஒளியே நிறமேறி வருகிறது. செம்பின் நிறம் முழுவதும் அதன் எதிரொளிப்பில்தான் இருக்கிறது!

ராபர்ட் குக், கென்னத் டாரன்ஸ் ஆகிய இருவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வின் பயனாக, 1981இல் இதைக் கணிப்பொறிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். டாரன்ஸ் ஓவியரும் அல்லர், கணிப்பொறி வல்லுநரும் அல்லர். வெப்பத்தை ஆராய்ந்த இயந்திரப் பொறியாளர். உலோகப் பரப்பை எண்ணற்ற நுண்ணிய கண்ணாடிச் சில்லுகளாகக் கருதலாம் என்று அவரும் ஸ்பாரோ என்பவரும் 1967லேயே எழுதியிருந்தார்கள். சில்லுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தால் பளபளப்பு. தாறுமாறாகப் பார்த்தால் மங்கல். குக்கும் டாரன்ஸும் வெளியிட்ட படங்களில் இரண்டு பூச்சாடிகள் உண்டு. ஒன்று செம்பு நிறப் பிளாஸ்டிக், மற்றது செம்பு. நீங்கள் மேசைமேல் வைத்தீர்களே, அதே சோதனை!

அப்போதும் ஒரு பொருள் பிடிகொடுக்கவில்லை. அது பால். ஒரு தம்ளரில் பாலும் இன்னொன்றில் வெள்ளை வர்ணமும் வைத்தால் வேறுபாடு தெரிகிறதல்லவா? பாலில் ஓரிடத்தில் புகுந்த ஒளி, உள்ளே அலைந்து வேறோர் இடத்தில் வெளிவருகிறது. உங்கள் விரலும் அப்படித்தான். டார்ச் முகப்பை விரலால் மூடினால் விரல் செக்கச்செவேலென்று ஒளிர்வதைப் பாருங்கள். 'விழுந்த இடத்திலேயே ஒளி திரும்பும்' என்று வைத்திருந்த விதிகள் இங்கே பயன்படவில்லை. 2001இல் யென்சன், மார்ஷ்னர், லெவாய், ஹன்ராஹன் என்னும் நால்வர் இதற்கொரு சுருக்கு வழி கண்டு, பாலையும் சலவைக்கல்லையும் மனித முகத்தையும் வரைந்து காட்டினர். அவர்களுள் மூவருக்கு 2004இல் ஆஸ்கார் கழகத்தின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. திரைப்படங்களில் கணிப்பொறி வரையும் முகங்கள் மெழுகு பூசாத உயிர்முகங்களாகத் தோன்ற இந்த வழி உதவியது.

2003இல் நூறு பொருள்களை உண்மையாகவே அளந்து பட்டியலிட்டார்கள். ஒரு பொருளுக்கு, ஒரு நிறத்துக்கு மட்டும், 14,58,000 எண்கள்! இத்தனை எண்களை வைத்துக்கொண்டு எந்த ஓவியர் படம் வரைவார்? 2012இல் டிஸ்னி நிறுவனத்தைச் சேர்ந்த பிரென்ட் பர்லி, ஒரு நிறமும் பத்து எண்களும் போதும் என்று ஓர் ஏற்பாடு செய்தார். அந்த ஆண்டு வந்த 'ரெக்-இட் ரால்ஃப்' படத்தில் முடி தவிர ஏறக்குறைய எல்லாப் பொருள்களுக்கும் அதுவே பயன்பட்டது. அதைத் தழுவிய ஏற்பாடு, 2017 முதல் 'பிளெண்டர்' என்னும் இலவச மென்பொருளிலும் இருக்கிறது. பள்ளிக் கணிப்பொறியில் அது இருந்தால் ஓர் உருண்டையை வரைந்து, செம்பழுப்பு நிறம் கொடுங்கள். உலோகத்தன்மை என்ற எண்ணை 0இல் வைத்தால் பிளாஸ்டிக். 1இல் வைத்தால் செம்பு. சொரசொரப்பு என்ற எண்ணையும் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. துலக்காமல் நாட்பட்டுப் பச்சைக் களிம்பு ஏறிய செப்புப் பாத்திரம் எங்கேனும் கிடைக்கும். அந்தக் களிம்பின்மீது டார்ச் அடித்தால் என்ன தெரிகிறது? அந்த இடத்துக்கு உலோகத்தன்மை எண்ணை 0 என்று போடுவீர்களா, 1 என்று போடுவீர்களா? காரணத்தோடு எழுதுங்கள்.