ஆசை நம்பர் யாருக்குச் சொந்தம்?

பிரிட்டனில் பணம் கொடுத்து வாங்கும் ஆசை நம்பர் வாங்கியவரின் சொத்து ஆகிவிடாது. அந்த எண்ணை ஒரு வண்டியில் மாட்டிக்கொள்ளும் உரிமையைத்தான் அரசு விற்கிறது. எண் என்றைக்கும் அரசினுடையதே. வண்டிக்கு அதைப் பதிவு செய்த கணத்திலிருந்து அந்த உரிமை, வண்டியின் பதிவில் 'ரிஜிஸ்டர்ட் கீப்பர்' என்று யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் போய்ச் சேருகிறது. பணம் கொடுத்தவர் யார், யாருடைய பெயரின் எழுத்துகள் அதில் இருக்கின்றன என்பதையெல்லாம் பதிவேடு பார்ப்பதில்லை. பிரைவேட் பிளேட், செரிஷ்ட் நம்பர் என்று அங்கே வழங்கும் இந்த எண்களைப் பறிகொடுத்துத் தவிப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு விதியைத் தெரியாமல் தவறவிட்டவர்களே.

இந்த ஆசை பதிவெண் பிறந்தபோதே பிறந்தது. 1903ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டத்தின்படி 1904 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் எண் கட்டாயமானது. லண்டனின் குறியெழுத்து ஏ. அதில் முதலாவதான 'ஏ 1' ஏர்ல் ரஸ்ஸலுக்குக் கிடைத்தது. இவர் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அண்ணன். இரவு முழுக்க வரிசையில் நின்று வாங்கினார் என்று சொல்வார்கள். அரசு தானே இத்தகைய எண்களை விற்கத் தொடங்கியது 1989இல். வேல்ஸின் ஸ்வான்சி நகரில் இருக்கும் டிவிஎல்ஏ என்ற வாகன உரிம அமைப்பு இதை நடத்துகிறது. விலை 250 பவுண்டிலிருந்து ஆரம்பம். அரிய எண்கள் ஏலத்துக்குப் போகும்.

ஏலத்தில் கூவும் விலையும் கடைசியில் கட்டும் தொகையும் ஒன்றல்ல என்பதை 2014இல் விற்ற '25 ஓ' என்ற எண் நன்றாகக் காட்டும். ஃபெராரி 250 ரகக் கார் ஒன்றுக்காக வாங்கப்பட்ட எண் அது. சுத்தியல் விழுந்தது 4,00,000 பவுண்டில். அதன்மேல் 8 சதவீத ஏலக் கட்டணம் 32,000. இரண்டையும் கூட்டி அதற்கு 20 சதவீத வாட் வரி 86,400. எண்ணை வண்டிக்கு ஏற்றும் கட்டணம் 80. ஆக மொத்தம் 5,18,480 பவுண்டு. ஆயிரம் பவுண்டுக்கு ஏலம் கேட்பவருக்கும் இதே கணக்குதான். கையில் ஆயிரத்தை மட்டும் வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது.

சாலையில் போகும் எண்ணைப் பார்த்து அது எந்தக் காலத்தது என்று சொல்லிவிட முடியும். 2001 செப்டம்பரிலிருந்து வரும் எண்களில் முதலில் இரண்டு எழுத்து, அடுத்து இரண்டு இலக்கம், கடைசியில் மூன்று எழுத்து. முதலெழுத்து ஊரைக் காட்டும்: எல் என்றால் லண்டன், எஸ் என்றால் ஸ்காட்லாந்து, சி என்றால் வேல்ஸ். இலக்கம் வயதைக் காட்டும்: 24 என்றால் 2024 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை, அதோடு 50ஐக் கூட்டி 74 என்றால் அதே ஆண்டு செப்டம்பரிலிருந்து அடுத்த பிப்ரவரி வரை. 1983 முதல் 2001 வரை ஆண்டைக் காட்டும் எழுத்து முன்னால் நின்றது. 1963 முதல் 1983 வரை பின்னால் நின்றது. அதற்கும் முந்தைய எண்களில் ஆண்டே கிடையாது. வட அயர்லாந்து எண்களிலும் ஆண்டு இல்லை. ஐ அல்லது இசட் எழுத்து இருப்பதை வைத்து அவற்றை அடையாளம் காணலாம்.

பெயராகப் படிக்கத் தோதான எண்கள் 1983க்குப் பிந்தைய அந்த முன்னெழுத்து வகையில் நிறைய. இலக்கங்கள் எழுத்து வேடம் போடும்: 1 ஐயாகவும், 4 ஏயாகவும், 5 எஸ்ஸாகவும், 8 பியாகவும், 0 ஓவாகவும் தோன்றும். எஸ் 1 என்று எழுதி, இடைவெளி விட்டு, வி ஏ எம் என்று முடித்தால் தமிழர் கண்ணுக்கு அது சிவம். ஆனால் முன்னால் நிற்கும் எஸ் 1998 ஆகஸ்டில் தொடங்கிய வரிசை. வண்டியை உள்ளதைவிடப் புதியதாகக் காட்டும் எண்ணை அதற்கு மாட்டக் கூடாது என்பது விதி. எனவே 1995ஆம் ஆண்டு வண்டிக்கு அது கிடைக்காது. பழையதாகக் காட்டத் தடையில்லை. கியூவில் தொடங்கும் எண் வயதோ பூர்வீகமோ உறுதியாகாத வண்டிகளுக்கு உரியது. அதை வேறு வண்டிக்கு மாற்ற முடியாது, அந்த வண்டிக்கு ஆசை நம்பரும் போட முடியாது.

இதில் பழைய கார் வாங்குபவருக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. ஆண்டு தெரியாத எண் மாட்டிய வண்டி பார்வைக்கு வயது சொல்லாது. விற்பவர் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டும் என்றில்லை. ஆனாலும் லாக் புக் எனப்படும் வி5சி ஆவணத்தில் முதல் பதிவுத் தேதியைப் பார்க்காமல் விலை பேசக் கூடாது. அரசு இணையதளத்தில் எண்ணைத் தட்டினால் வண்டியின் வகை, நிறம், வரி நிலை, எம்ஓடி எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனையின் வரலாறு எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு சோதனையின்போதும் ஓடியிருந்த மைல் கணக்குகூட அதில் இருக்கும்.

எண் முறையானதாக இருந்தும் பிளேட் சட்டவிரோதமாக இருப்பது உண்டு. எழுத்தின் உயரம் 79 மில்லிமீட்டர், அகலம் 50, கோட்டின் தடிமன் 14. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே 11, இரு தொகுதிகளுக்கு இடையே 33. முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் மஞ்சள், எழுத்து கறுப்பு. 2021 செப்டம்பர் முதல் செய்யப்படும் பிளேட்டுகளில் அந்தக் கறுப்பு ஒரே சாயலாக இருக்க வேண்டும்; நிழல் விழுவதுபோல் இரு வண்ணம் கூடாது. செய்து கொடுத்தவரின் பெயரும் அஞ்சல் குறியீடும் அடியில் இருக்க வேண்டும். புடைத்து நிற்கும் எழுத்துகள் இந்தத் தரத்துக்குள் அமைந்தால் தவறில்லை. கறுப்புத் தகட்டில் வெள்ளி எழுத்து, 1980க்கு முன் தயாராகி வரலாற்று வாகனப் பிரிவில் பதிவான வண்டிகளுக்கு மட்டும்.

பெயர் சேர்ந்து தெரிய வேண்டும் என்ற ஆசையில் பலர் கைவைப்பது அந்த 33 மில்லிமீட்டர் இடைவெளியில்தான். மேலே சொன்ன எண்ணில் 1க்கும் வி எழுத்துக்கும் நடுவே உள்ள இடத்தை ஒடுக்கிவிட்டால் சிவம் ஒரே சொல்லாகிவிடும், குற்றமும் ஆகிவிடும். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு 1களுக்கு நடுவே ஒரு கறுப்புத் திருகு வைத்தால் தூரத்தில் எச் போலத் தெரியும். சட்டம் அந்தச் சிறு திருகையும் விட்டுவைக்கவில்லை. மஞ்சள் பிளேட்டில் மஞ்சள் மூடி போட்ட திருகுதான் பாதுகாப்பு. மீறினால் காவலர் அந்த இடத்திலேயே 100 பவுண்டு தண்டம் விதிக்கலாம். நீதிமன்றம் போனால் 1,000 வரை ஆகும். எம்ஓடியிலும் வண்டி தேறாது. எண்ணைத் திரித்துக் காட்டினால் டிவிஎல்ஏ அந்த எண்ணையே திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய எண் ஒரு திருகுக்காகக் கைவிட்டுப் போவதைவிட வருத்தமானது வேறில்லை.

கேமராவுக்கு எண் தெரியாதபடி பூச்சு பூசிய 'கோஸ்ட் பிளேட்' வேறு ரகம். அதில் அழகு ஆசை கிடையாது, ஒளிந்துகொள்ளும் நோக்கம்தான். பதிவு பெற்ற பிளேட் வியாபாரி எண்ணுக்கான உரிமை ஆவணத்தையும் அடையாளச் சான்றையும் கேட்டாக வேண்டும். எதையும் கேட்காமல் 'ஷோ பிளேட்' என்று சொல்லி அடித்துக் கொடுக்கும் இடத்தில் வாங்குபவர் பின்னால் வரும் தண்டத்தையும் சேர்த்து வாங்குகிறார்.

உரிமை காகிதத்தில் இரண்டு வடிவம் எடுக்கும். வண்டியில் ஏறாத புது எண்ணுக்கு வி750 சான்றிதழ். வண்டியிலிருந்து கழற்றி வைத்த எண்ணுக்கு வி778 ஆவணம். இரண்டும் 10 ஆண்டு செல்லும். காலாவதிக்கு முன் புதுப்பிக்காவிட்டால் உரிமை போய்விடும். வீடு மாறியதை டிவிஎல்ஏவுக்குச் சொல்லாதவர் இங்கே எளிதாகத் தவறிவிடுவார். ஆவணத்தில் வாங்கியவர் பெயரோடு 'நாமினி' என்று இன்னொருவர் பெயரும் போடலாம். அந்த எண் அவர் பெயரிலுள்ள வண்டிக்குப் போகும் என்பதற்கான குறிப்புதான் அது, அதனால் அவருக்கு எந்த உரிமையும் பிறக்காது.

பரிசு விஷயத்தில் இது இரு பக்கமும் வெட்டும். மகனுக்குப் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு அப்பா ஓர் எண் வாங்கினார் என்று கொள்வோம். ஆவணமாக அலமாரியில் இருக்கும்வரை அது அப்பாவுடையது. மகன் பெயரில் பதிவான காருக்கு ஏற்றியதும் மகனுடையது. கணவன் மனைவிக்குள்ளும் இதே சட்டம். பிரியும்போது வழக்கறிஞர்கள் முதலில் கேட்பது கார் யார் பெயரில் என்றுதான். குத்தகைக் கார், கம்பெனி கார் என்றால் பதிவில் இருப்பது பெரும்பாலும் நிறுவனத்தின் பெயர். எண்ணை ஏற்றுவதற்கு முன், ஒப்பந்தம் முடிந்ததும் திருப்பித் தருவோம் என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்க வேண்டும். வாய்வார்த்தை போதாது.

காரை விற்கும்போது எண்ணைக் கழற்றாமல் விட்டால் அது காரோடு போய்விடும். கழற்றி வைக்க 80 பவுண்டு. ஆன்லைனிலோ வி317 படிவத்திலோ விண்ணப்பிக்கலாம். வண்டிக்கு மாற்று எண் வரும், புது லாக் புக் வரும். அது கைக்கு வரும்வரை வண்டியை விற்கவோ உடைக்கவோ கூடாது. கழற்றும் நேரத்தில் வண்டி தானே ஓடும் நிலையில் இருக்க வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும் அல்லது ஓட்டாமல் நிறுத்தியிருப்பதாக முறையாக அறிவித்திருக்க வேண்டும். கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கும் காரிலிருந்து எண்ணை மீட்க முயல்பவர்கள் இந்த நிபந்தனையில்தான் முட்டிக்கொள்வார்கள்.

விபத்தில் வண்டி முழு நஷ்டம் என்று காப்பீட்டு நிறுவனம் முடிவு செய்தால், எண் வேண்டும் என்பதை இழப்பீட்டுக்கு ஒப்புக்கொள்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பணத்தை வாங்கிய பிறகு வண்டி நிறுவனத்துடையது, அதோடு எண்ணும் போகும். திருடு போன வண்டிக்கு வழி இருக்கிறது. திருட்டைக் காவல்துறையில் பதிவு செய்திருந்து, அந்த நேரத்தில் வரியும் எம்ஓடியும் செல்லுபடியாக இருந்தால், 6 மாதம் காத்திருந்தும் வண்டி கிடைக்காதபோது எண்ணைத் திரும்பக் கேட்கலாம். இதற்கும் 2 ஆண்டு 6 மாதம் என்ற எல்லை உண்டு. உரியவர் இறந்துவிட்டால் குடும்பத்தார் இறப்புச் சான்றும் உயில் அல்லது வாரிசு ஆவணமும் கொடுத்து எண்ணை மாற்றிக்கொள்ளலாம். அதற்குமுன் காரை அவசரப்பட்டு விற்றுவிடக் கூடாது.

எண் மாறியதும் காப்பீட்டுக்குச் சொல்வது பலருக்கும் நினைவிருக்கும். ஆனால் லண்டன் நெரிசல் கட்டணத்துக்கும், புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணத்துக்கும் தானியங்கிப் பணம் கட்டுவோர் அங்கே எண்ணை மாற்ற மறந்துவிடுகிறார்கள். கேமரா புது எண்ணைப் பார்க்கும், கணக்கில் பழைய எண் கிடக்கும், தண்டம் வரும்.

தனியாரிடம் எண் வாங்குவதில் கவனம் வேண்டும். பத்திரமான முறை இது: விற்பவர் தம் வி750 அல்லது வி778 விவரத்தைக் கொண்டு வாங்குபவரின் வண்டிக்கு எண்ணை நேரே ஏற்றிவிடுவது. அதற்கு வாங்குபவரின் லாக் புக்கில் உள்ள ஆவண எண் போதும். முன்பணம் கேட்டு ஆவணத்தின் படத்தை மட்டும் அனுப்புபவரிடம் ஒதுங்கிவிடலாம். விற்பவரும் அந்தப் படத்தை இணையத்தில் போடக் கூடாது, அதிலுள்ள குறிப்பெண்ணை வைத்து வேறொருவர் எண்ணை ஏற்றிவிட முடியும். வியாபாரியிடம் கிரெடிட் கார்டில் கட்டினால் கூடுதல் காப்பு உண்டு: 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை உள்ள பொருளில் வியாபாரி ஏமாற்றினால் கார்டு நிறுவனமும் பொறுப்பு. அப்படியும் தீராவிட்டால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரையான வழக்கைச் சிறு வழக்கு முறையில் தொடரலாம்.

விசித்திர எண்களைத் தேடிப் படம் எடுப்பது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு. பொதுச் சாலையில் படம் எடுப்பது குற்றமில்லை. ஆனால் அதே படத்திலிருந்து எண்ணைத் திருடி, அதே வகை, அதே நிறக் காருக்கு மாட்டும் 'குளோனிங்' மோசடி இருக்கிறது. தெருவும் வீட்டு எண்ணும் தெரியும்படி படத்தைப் போடாமல் இருப்பது எடுப்பவரின் பொறுப்பு. எண்ணை வைத்து உரியவரின் பெயரையும் முகவரியையும் யாரும் இணையத்தில் பார்த்துவிட முடியாது. வி888 படிவத்தில் தக்க காரணம் காட்டி டிவிஎல்ஏவிடம் கேட்க வேண்டும். நின்ற காரை இடித்துவிட்டுப் போனவரைத் தேடுவது தக்க காரணம். வெறும் ஆர்வம் அப்படி ஆகாது.

போகாத ஊரிலிருந்து தண்டக் கடிதம் வந்தால் எண் குளோன் ஆகியிருக்கலாம். அதைக் கட்டிவிட்டுச் சும்மா இருப்பது அடுத்த கடிதத்துக்கு வழிவிடும். காவல்துறைக்கு 101இல் சொல்லி குற்றக் குறிப்பெண் வாங்க வேண்டும். கடிதம் அனுப்பிய அலுவலகத்துக்கு, அந்த நேரத்தில் வண்டி அங்கே இல்லை என்பதற்கான சான்றோடு கடிதத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்: அலுவலக வருகைப் பதிவு, வண்டி நிறுத்திய ரசீது, கேமரா படத்தில் தெரியும் வேறு சக்கரம், தன் காரில் இருக்கும், ஆனால் படத்தில் இல்லாத ஒரு கீறல். டிவிஎல்ஏவுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிளேட்டே திருடு போயிருந்தால் புகார் கொடுத்துவிட்டுப் புதிய பிளேட்டை எளிதில் கழற்ற முடியாத திருகில் மாட்டுவது நல்லது. அந்தத் திருகின் மூடியும் பிளேட்டின் நிறத்திலேயே இருக்கட்டும்.