ஆயாவின் கையும் படைப்புக் கோப்பும்

காட்டுப்பள்ளி ஒரு தீவு என்பதைச் சென்னைவாசிகளில் பலர் அறியார். கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே எண்ணூர்க் கழிமுகம், வடக்கே பழவேற்காட்டு ஏரி. இன்று காமராசர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் வந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் வந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013-ல் இயங்கத் தொடங்கியது. அதற்காகக் குப்பத்து மக்கள் இடம் பெயர்ந்தனர். அப்படிப் பெயர்ந்த மீனவக் குடும்பம் ஒன்றின் மகள், சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் இளங்கலை முடித்த பின், ஒரு நாள் மாலைத் திருப்பலி முடிந்ததும் நம்மிடம் வந்தாள்.

"ஃபாதர், பரோடாவில் முதுகலை படிக்க விண்ணப்பிக்கப் போகிறேன். படைப்புகளைக் கோப்பாகக் கொடுக்க வேண்டுமாம். எதை வைப்பது என்று தெரியவில்லை" என்றாள். பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1950-ல் தொடங்கப்பெற்ற நுண்கலைப் புலம் நாடறிந்தது. 'போர்ட்ஃபோலியோ' எனப்படும் இப்படைப்புக் கோப்பு மதிப்பெண் பட்டியலைவிடப் பெரிதாக மதிக்கப்படும் இடம் அது.

அவள் விரித்த படங்களைப் பார்த்து நாம் உடனே தீர்ப்பு வழங்கினோம். வேளாங்கண்ணி மாதா படம் ஒன்று, திரு இருதய ஆண்டவர் படம் ஒன்று, நாட்காட்டியைப் பார்த்து வரைந்தவை, வழவழவென்று அழகாக இருந்தன. "இவற்றை முதலில் வை. அந்தக் கரிக்கோட்டுப் படங்களைக் கடைசியில் வை" என்றோம். அவளும் பங்குச் சாமியார் சொன்னதாயிற்றே என்று அப்படியே அடுக்கிக் கொண்டு தன் கல்லூரி ஆசிரியரிடம் போனாள். அவர் கோப்பைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினாராம்! மாதா படத்தை மரியாதையோடு எடுத்து அவள் கையிலேயே கொடுத்து, "இதை வீட்டில் மாட்டு" என்றாராம்.

நமக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது. குருமடத்தில் திருச்சபையின் கலை வரலாற்றைப் படித்தவர்கள் நாம். 1401-ல் புளோரன்சு நகரத்துத் திருமுழுக்காலயத்தின் வெண்கலக் கதவுகளுக்காக நடந்த போட்டியை மறந்துவிட்டோமே! ஏழு சிற்பிகளுக்கு ஒரே பொருள் தரப்பட்டது: ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிட முற்படும் காட்சி. கால அவகாசம் ஓராண்டு. வென்றவர் இருபது வயதைச் சற்றே கடந்த கிபர்ட்டி. அவர் பலகையும் புருனெல்லெஸ்கியின் பலகையும் புளோரன்சின் பார்ஜெல்லோ காட்சியகத்தில் இன்றும் அருகருகே இருக்கின்றன. கதை ஒன்றே, கண்கள் இரண்டு. நடுவர்கள் தேடியது அந்தக் கண்ணைத்தான். மாதிரியைப் பார்த்து எழுதிய படத்தில் கை தெரியும், கண் தெரியாது.

பக்திப் படம் கோப்பில் இடம்பெறக் கூடாது என்பதன்று. கோவாவில் 1902-ல் பிறந்த ஆஞ்சலோ த பொன்சேகா சாந்திநிகேதனம் சென்று அபனீந்திரநாத் தாகூரிடமும் நந்தலால் போசிடமும் பயின்று, அன்னை மரியாளைச் சேலை உடுத்த இந்தியத் தாயாக வரைந்தார். சொந்த ஊர்க் கத்தோலிக்கரே முகம் சுளித்தனர். 1967-ல் இறக்கும்வரை அவர் அவ்வாறே வரைந்தார். நம் சென்னைக் கல்லூரியில் பயின்ற பெனிதா பெர்சியல், 2014-ல் கொச்சிக் கலை விழாவில், நாம் பீடத்தில் புகைக்கும் சாம்பிராணியையே குழைத்துத் திருவுருவங்கள் செய்து வைத்தார். இவையும் சமயக் கலையே. ஆனால் எவையும் நாட்காட்டியிலிருந்து வந்தவை அல்ல.

அந்தக் கரிக்கோட்டுப் படங்களை மறுபடி பார்த்தோம். கழியில் இடுப்பளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்கள், பறியைப் பல்லால் கவ்வியிருக்கிறார்கள். அவள் ஆயாவின் கை, ஒரு முழுத் தாளில், நகத்தடியில் சேறு. வேறு சில தாள்களில் சாம்பல் நிறம் ஒரு விதமாக மின்னிற்று. என்ன வண்ணம் என்று கேட்டோம். அனல்மின் நிலையத்துச் சாம்பல், கழியோரத்தில் படிந்ததை அள்ளிப் பிசினில் குழைத்தாளாம். (மூக்கை மூடிக்கொண்டு செய்யம்மா என்று கடிந்துகொண்டோம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.) 2023 டிசம்பர் வெள்ளத்தில் கழியெங்கும் எண்ணெய் பரவியபோது பாழான வலையை மையில் தோய்த்துத் தாளில் ஒற்றி எடுத்த படங்களும் இருந்தன. இத்தனையையும் கடைசிக்குத் தள்ளச் சொன்னவர்கள் நாம்.

இனி, விண்ணப்பிக்க எண்ணும் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் சில செய்திகள். சில நிறுவனங்கள் பத்துப் படைப்புகள் கேட்கும், சில இருபது வரை கேட்கும். அறிவிப்பை வரிவரியாகப் படித்து, கேட்ட எண்ணிக்கையை மீறாதிருக்க வேண்டும். கடந்த இரண்டு மூன்று ஆண்டுப் படைப்புகளே போதும், பள்ளிப் பரிசுப் படங்கள் வேண்டா. ஐயத்துக்குரிய ஒன்றைச் சேர்ப்பதினும் விட்டுவிடுவது நலம். தொடர்ந்து ஒரே பொருளைத் துருவிய ஐந்தாறு படங்கள், பலவகைத் திறமை காட்டும் இருபது படங்களைவிட உரக்கப் பேசும். ஒவ்வொன்றின் கீழும் தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு குறிக்க வேண்டும். குறிப்பேட்டின் சில பக்கங்களையும் சேர்க்கலாம்.

புகைப்படம் எடுப்பதில்தான் பலர் தவறுகின்றனர். முதலில் நம் பங்கில் திருமணப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் அன்போடு முன்வந்தார். பளிச்சென்று இருக்கட்டும் என்று அவர் செய்த திருத்தத்தில் சாம்பல் எல்லாம் நீலமாகிவிட்டது. எல்லாவற்றையும் மீண்டும் எடுத்தோம். நேர்வெயில் படாத வடக்குத் தாழ்வாரத்தில், காலை வேளையில், மின்னொளி இன்றி, கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, படத்தின் நடுப்புள்ளிக்கு நேராகக் கருவியை நிறுத்தி, நான்கு ஓரமும் கோணாமல் எடுக்க வேண்டும். சிற்பமாயின் பல பக்கமும் எடுக்க வேண்டும். மறைக்கல்வி வகுப்பின் வெள்ளைத் திரை பின்னணிக்கு உதவிற்று.

நோக்க அறிக்கையை, "சிறு வயது முதலே எனக்கு ஓவியத்தில் ஆர்வம்" என்று தொடங்கியிருந்தாள். யார்தான் அப்படி எழுதுவதில்லை? "வலையை ஏன் தாளில் ஒற்றினாய்? அதைத் தமிழில் எழுது, ஆங்கிலமாக்குவது பிறகு" என்றோம். இரண்டு பக்கம் எழுதி வந்தாள். நாம் ஒரு சொல்லும் மாற்றவில்லை. பரிந்துரைக் கடிதம் மட்டும் நாம் தரவில்லை. அவள் ஓவியம் வளர்ந்ததைக் கண்ட ஆசிரியர்கள் எழுத வேண்டியது அது. பங்குத்தந்தையின் நற்சான்று அங்கே எடுபடாது.

அவள் தகப்பனாரைத்தான் இணங்க வைக்க முடியவில்லை. துறைமுகத்தில் ஒப்பந்த வேலை ஒன்று அவளுக்காகப் பேசி வைத்திருந்தார். "ரெண்டு வருசம், சாமி. அதுக்கு அப்புறம் படம் சோறு போடுமா?" என்று கேட்டார். போடும் என்று நம்மால் உறுதி கூற முடியவில்லை. பொய் சொல்ல மனமும் இல்லை. ஆயாவின் கைப்படத்தை எடுத்து அவர் முன் வைத்தோம். நெடுநேரம் பார்த்தார். "எங்கம்மா மோதிர விரல் இப்படித்தான் வளைஞ்சிருக்கும்" என்றார். வேறொன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

நேர்காணலுக்கு மூலப்படங்களையே கொண்டுவரச் சொல்லி அழைப்பு வந்தது. சாம்பல் படங்களைச் சுருட்டினால் வெடித்துவிடும். தட்டையாகக் கொண்டு போயாக வேண்டும். பரோடாவுக்குப் போகும் நவஜீவன் விரைவு வண்டியில் அவளை ஏற்றிவிட நாமும் சென்ட்ரல் நிலையத்துக்குப் போயிருந்தோம். தகப்பனார் இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே படங்களை வைத்து, சுற்றிலும் வலைக்கயிற்றால் இறுகக் கட்டிச் சுமந்து வந்தார். அந்த முடிச்சுகளைப் பார்த்து, "இதை அங்கே யார் அவிழ்ப்பது?" என்று கேட்டோம்.

"அவதான், சாமி. ஏழு வயசுல நான் சொல்லிக் கொடுத்த முடிச்சுதானே" என்றார்.