அலக்குக் கல்லும் பத்து விரலும்

திருவனந்தபுரத்துக் கரமனையில் எங்கள் தெருவிலிருக்கும் ஒரு பெண் போன வாரம் சாயா நேரத்தில் வந்து உட்கார்ந்தாள். மகளுக்குப் பதின்மூன்று வயது, பிறவியிலேயே பார்வையில்லை. ஜூனில் ஹாஸ்டலில் சேர்ப்பதென்று முடிவாகிவிட்டது. பிரெயில் வேகமாகப் படிப்பாள், வெள்ளைக் கோலோடு தெருமுனைக் கடைவரை தனியாகப் போய்வருவாள். அம்மாவின் கவலை வேறு.

"அவ துணியை யாரு துவைப்பாங்க டீச்சர்?"

"அவளேதான்."

அவள் சாயாவைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "அழுக்கு எங்கே இருக்குன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

நல்ல கேள்வி. பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பல வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவள் நான். பெற்றோர்கள் இதைக் கேட்காத வருஷமே கிடையாது. நான் சொல்லும் பதில் இது: கண் உள்ளவர்களும் அழுக்கைத் தேடிப் பார்த்துத் துவைப்பதில்லை. சட்டைக் கழுத்தை எடுத்ததும் கை தானாகச் சோப்பைத் தேய்க்கிறது. அந்தப் பழக்கத்தையே அவளுக்கு ஒரு முறையாக்கிக் கொடுத்துவிட வேண்டும். கழுத்து, கைமுனை, அக்குள், உட்காரும் இடம், பாவாடையின் கீழோரம் என்று இதே வரிசையில், அழுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கசக்க வேண்டும். வரிசை மாறக்கூடாது. மாறினால் எது முடிந்தது, எது பாக்கி என்பது தெரியாமல் போகும்.

கறை அப்படியல்ல, அது எங்கே வேண்டுமானாலும் விழும். ஆனால் குழம்பு மேலே சிந்தினால் சூடும் ஈரமும் அந்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிடும். அப்போதே அந்த இடத்தில் ஒரு ஊக்கைக் குத்திவைத்தால் போதும். ராத்திரி துணியை எடுக்கும்போது விரல் ஊக்கில் போய் நிற்கும். கஞ்சி, பால், சோறு எல்லாம் காய்ந்தால் அந்த இடம் விறைப்பாக இருக்கும். மஞ்சள் கறைதான் சிக்கல், காய்ந்த பிறகு விரலுக்கு அகப்படாது. அதற்கு யாரையாவது கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்தில் ஆளில்லையென்றால் போன் இருக்கிறது. டென்மார்க்கிலிருந்து 2015-இல் வந்த 'பீ மை ஐஸ்' செயலியில் எங்கோ இருக்கும் ஒரு தொண்டர் கேமரா வழியாகப் பார்த்து, "இடது பக்கம், பாக்கெட்டுக்குக் கீழே" என்று சொல்லிவிடுவார்.

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்று கேட்டாள். கேட்டது நல்லதாயிற்று, ஏனென்றால் முதலில் சொல்லித்தர வேண்டியதே அதுதான். மாதவிடாய்க் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் கறை துணியில் பிடித்துக்கொள்ளும். அந்த நாட்களில் பாவாடையின் பின்புறத்தையும் படுக்கை விரிப்பையும் காலையில் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். காய்ந்த ரத்தம் மொடமொடவென்றிருக்கும். சந்தேகமிருந்தால் அந்த இடத்தை மட்டுமாவது அலசிவிடலாம். இதையெல்லாம் வீட்டில் தாய் சொல்லித்தராமல் பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்பினால், வகுப்பில் வேறு யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியவரும். அந்த அவமானத்தோடு வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எந்தக் குழந்தைக்கும் அது நேரக்கூடாது.

இனி சொல்லித்தரும் விதம். நம்மில் பலர் பிள்ளையின் கையைப் பிடித்துத் துணிமேல் வைத்து அழுத்துகிறோம். அப்படிச் செய்தால் கை விறைத்துக்கொள்ளும், எதையும் வாங்கிக்கொள்ளாது. அம்மாவின் கை கீழே துணியில் வேலை செய்யட்டும், மகளின் கை அதன்மேல் படிந்து வரட்டும். வேண்டாமென்றால் அவள் கையை எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு அழுத்துகிறோம், எந்தப் பக்கம் தேய்க்கிறோம், எப்போது திருப்புகிறோம் என்பதெல்லாம் அந்தக் கை வழியாகவே போய்ச்சேரும். பிறகு கைகள் இடம் மாறும்: அவள் துவைப்பாள், அம்மாவின் கை மேலே இருக்கும். அதற்கப்புறம் அம்மாவின் கையை எடுத்துவிட வேண்டும்.

அலசும்போது துணியில் இன்னும் வழுவழுப்பு இருந்தால் சோப்புப் போகவில்லை. இரண்டு விரலுக்கு நடுவே துணியை வைத்து இழுத்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும், அதுவரை தண்ணீர் மாற்றலாம். இந்த விஷயத்தில் நம்மைவிட அவள் கை நுட்பமாக இருக்கும். கொஞ்சம் பார்வை மிச்சமுள்ள பிள்ளைகளுக்கு வெள்ளைத் துணியை நிறம் அடர்ந்த வாளியில் அலசக் கொடுத்தால் போதும், பாதிச் சிரமம் குறையும்.

வெள்ளைக்கு நீலம் போடாமல் கேரளத்தில் முடியாது. திருச்சூர்ப் பக்கம் 1983-இல் பிறந்த உஜாலா சொட்டு நீலம் இல்லாத வீடு இங்கே அபூர்வம். ஆனால் சொட்டு தண்ணீரில் விழுவது காதில் விழாது. அதனால் இடதுகை ஆட்காட்டி விரலை வாளிக்கு மேலே நீட்டி, குப்பியை அதன்மேல் கவிழ்க்கச் சொல்வேன். விரலில் ஒவ்வொரு சொட்டாகக் குளிர்ந்து விழும், எண்ணிக்கொள்ளலாம். பிறகு அந்த விரலாலேயே தண்ணீரை நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் துணியைப் போட வேண்டும். இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். விரல் கொஞ்ச நேரம் நீலமாக இருக்கும், அதனாலென்ன.

நிறம் பிரிப்பதற்கு ஊசி நூல் போதும். சட்டையின் உள்பக்கம், கழுத்துப் பட்டியில் நூலை முடிச்சுப்போட்டுத் தைத்துவிடு: ஒரு முடிச்சு வெள்ளை, இரண்டு முடிச்சு சாயம் போகும் துணி, முடிச்சே இல்லாவிட்டால் மற்றது. முண்டுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற தொல்லையே கிடையாது. கசவு முண்டு என்றால் ஓரத்து ஜரிகையை விரல் தானே அறிந்துகொள்ளும். நெசவுக்குப் பேர்போன பலராமபுரத்துத் துணியை விரலால் இனம்சொல்லும் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள்.

"இதெல்லாம் ஸ்கூல்லயே சொல்லித்தர மாட்டாங்களா?" என்றாள்.

சொல்லித்தர வேண்டும் என்பதுதான் இந்தத் துறையில் உள்ளவர்களின் கருத்து. பிலிப் ஹாட்லென் என்ற அமெரிக்க ஆசிரியர் 1996-இல், பார்வையற்ற மாணவர்களுக்கு வழக்கமான பாடத்தோடு சேர்த்துத் தர வேண்டிய துறைகளைப் பட்டியலிட்டார். அன்றாட வாழ்க்கைத் திறன் அதில் ஒன்று. பார்க்கிற குழந்தை அம்மா துவைப்பதைத் திண்ணையிலிருந்து பார்த்தே பாதி கற்றுவிடுகிறது, பார்க்காத குழந்தைக்கு யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

சொல்லித்தந்தால் முடியும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. திபெத்திய மொழிக்குப் பிரெயில் உருவாக்கிய சபரியே டென்பெர்கென், தானே பார்வையற்றவர், வெள்ளாயணிக் காயலோரத்தில் காந்தாரி என்ற பயிற்சி நிறுவனத்தைப் பால் க்ரோனென்பெர்க்கோடு சேர்ந்து நடத்துகிறார். அங்கே பயின்ற டிஃபனி ப்ராருக்கும் பார்வை கிடையாது. அவர் 2012-இல் ஜ்யோதிர்கமயா என்ற அமைப்பைத் தொடங்கினார். வெளியே வர முடியாத பார்வையற்றவர்களின் வீட்டுக்கே பள்ளியைக் கொண்டுபோனார். எனக்கு அதில் மிகவும் பிடித்தது அந்த வீட்டுக்கே போவதுதான். கிணறு எந்தப் பக்கம், துணி துவைக்கும் அலக்குக் கல் என்ன உயரம், கொடி எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு வேறு. பாடமும் அந்தக் கல்லருகேதான் நடக்க வேண்டும்.

கொடியில் போடுவதற்குப் புறங்கையை உயர்த்திக் கம்பியைத் தேடச் சொல். ஒரு முனையிலிருந்து தொடங்கி வரிசையாகப் போட்டு, அவளுக்கென்று வைத்த மரக்கிளிப்பை மாட்டினால் ஹாஸ்டலில் யார் துணி என்ற குழப்பம் வராது. காய்ந்ததா என்று பார்க்க உள்ளங்கை போதாது. இடுப்புப்பட்டியையும் பாக்கெட்டின் உள்பக்கத்தையும் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஈரமிருந்தால் சில்லென்றிருக்கும். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனில்தான் இங்கே எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் இறங்குகிறது. அரைக் காய்ச்சலில் மடித்த துணி இரண்டு நாளில் முடைநாற்றம் அடிக்கும்.

இஸ்திரிப் பெட்டியை முதல் மாதம் சுவிட்ச் போடாமலே பழகட்டும். பெட்டியை நேராகக் கை நீட்டித் தேடவே கூடாது. பிளக்கைத் தொட்டு, வயரைப் பிடித்துக்கொண்டே போய்க் கைப்பிடியை அடைய வேண்டும். வாஷிங் மெஷின் வாங்குவதானால் திருகினால் கிளிக் கிளிக்கென்று நிற்கும் குமிழ் உள்ளதாகப் பார்த்து வாங்கு. தொடுதிரை மாடல் வேண்டாம்.

சாயா ஆறிப்போயிருந்தது. சூடாக்கித் தருகிறேன் என்றேன், வேண்டாமென்றாள். இரண்டு மாதத்தில் பழகிவிடுவாளா என்று கேட்டாள். முதல் வாரம் கைக்குட்டை மட்டும், அடுத்த வாரம் உள்பாவாடை, யூனிஃபார்ம் அதற்குப் பிறகு என்றேன். அவள் துவைத்ததை நீ மறைவாக எடுத்து மறுபடி துவைக்கக் கூடாது, அது அவளுக்கு எப்படியும் தெரிந்துவிடும் என்றும் சொன்னேன். தலையாட்டினாள்.

நாளைக் காலை ஏழு மணிக்கு வருகிறேன், இன்றைக்கு ராத்திரி அழுக்குத் துணியையெல்லாம் நீயே துவைத்துவைத்துவிடாதே என்று சொல்லி அனுப்பினேன்.