சாரஸ் விமானமும் அதன் வளர்ச்சியும்

குறுகிய ஓடுபாதைகளையுடைய சிறு நகரங்களுக்கு ஏற்றது இரு சுழலிப் பொறிகள் பூண்ட சிறு விமானமாகும். எரிபொருள் எரிவதால் எழும் வெப்பவாயு சுழலியைச் சுழற்ற, அச்சுழலி பற்சக்கரங்களின் வழியே விசிறியை இயக்கும். 2019இல் சென்னையிலிருந்து பலாலிக்கு வந்திறங்கிய விமானமும், அளவிற் பெரிதாயினும், இவ்வகையினதே.

இத்தகையதொரு விமானத்தைத் தாமே ஆக்க முற்பட்டனர் பெங்களூர்த் தேசிய வான்வெளி ஆய்வுகூடத்தார். நாரையினத்துப் பறவையொன்றின் பெயரால் அது ‘சாரஸ்’ எனப்பட்டது. இருக்கைகள் 14, பொறிகள் இரண்டும் வாற்புறத்தே அமைந்து, விசிறிகள் விமானத்தைப் பின்னின்று உந்தும். உருசியக் கூட்டுறவு இடையில் அற்றது. 1998ஆம் ஆண்டு அணுச்சோதனையைத் தொடர்ந்த தடைகளும் பணியைத் தாழ்த்தின. ஈற்றில் 2004 மே 29ஆம் நாள் அது முதன்முதற் பறந்தது. ஆயின் நிறை திட்டமிட்டதினும் மிகுந்திருந்தமையால், 2007இற் பறந்த இரண்டாம் மாதிரிக்கு வலிமை கூடிய பொறிகள் பூட்டப்பட்டன.

2009 மார்ச்சு 6ஆம் நாள் அவ்விரண்டாம் மாதிரி பிடதிக்கருகே வீழ்ந்து, அதிற் சென்ற மூவரும் உயிர்நீத்தனர். நிறுத்திய பொறியை வானில் மீண்டும் இயக்குதற்கு வகுத்த முறை பிழையானது என விசாரணை கண்டது. பல்லாண்டு முடங்கிய முயற்சி 2018 சனவரி 24இல் மீண்டும் வானேறியது. பின்னர் 19 இருக்கை வடிவமும் வகுக்கப்பட்டது.

பொறியின் வலிமையோடு, அதனை இயக்கும் முறையின் செம்மையும் உயிர்காப்பது என்பதை அறிவியல் பயிலும் மாணவர் இவ்வரலாற்றிலிருந்து உணர்வாராக.