நேற்று அச்சடித்த பிரிண்டர் இன்று ஏன் 'ஆஃப்லைன்'?

காலை எட்டரை மணி. பிள்ளையின் ஹால் டிக்கெட்டை எடுக்கப் போனால், கணினித் திரையில் 'ஆஃப்லைன்'. பிரிண்டரிலோ வைஃபை விளக்கு அசையாமல் எரிகிறது. பிறகு ஏன்?

பெரும்பாலும் சிக்கல் முகவரியில்தான். ரவுட்டர் தன்னோடு சேரும் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.5 என்பதுபோல் ஓர் எண் தருகிறது. அது சொந்த வீடு அல்ல, வாடகை வீடு, கெடு உண்டு. இரவில் கரண்ட் போய் வந்ததும் அந்த 5 ஒரு கைபேசிக்குப் போயிருக்கலாம், பிரிண்டருக்கு 8 கிடைத்திருக்கலாம். கணினி பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும்.

பிரிண்டரின் நெட்வொர்க் விவரத் தாளை அச்சிட்டுப் பாருங்கள். எண் மாறியிருந்தால், கணினியில் பிரிண்டரை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் வேலை நடக்கும். ஆனால் அடுத்த முறையும் இதே கதைதான். ரவுட்டர் அமைப்புக்குள் போய் அந்த எண்ணைப் பிரிண்டருக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். சில நிமிட வேலை, அவசியம் செய்ய வேண்டியது.

எண் 169.254 என்று தொடங்குகிறதா? ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை, பிரிண்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரவுட்டரை அணைத்து மறுபடி போட்டுவிட்டு, பிரிண்டரை வைஃபையில் முதலிலிருந்து சேருங்கள்.

புது ரவுட்டர் வாங்கியவர்களுக்கு ஒன்று: பல பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் பெயர் அவற்றின் பட்டியலில் வரவே வராது.