ஆடலாம் மச்சி, ஆனா யார் முன்னாடி?

ராயபுரத்துல டென்னிஸ் பால் மேட்ச் பாத்திருக்கீங்களா? விக்கெட் விழுந்தா பவுலர் ஆடுவான், ஃபீல்டர் ஆடுவான், ஸ்கோர் எழுதுறவனும் ஆடுவான். அவுட் ஆனவன் மூஞ்சிக்கு நேரா போய் ஆடினா மட்டும்தான் சண்டை.

ஐபிஎல் விதியும் கிட்டத்தட்ட அதேதான். ஃபுட்பால்ல ஜெர்சியைக் கழட்டினாலே மஞ்சள் அட்டை. கோல் செல்லாதுன்னு சொன்னாலும் அட்டை செல்லும். இங்கே அப்படி இல்லை. சேப்பாக்கத்துல பிராவோ ஆடாத ஆட்டமா? விதி 2.5 தடுப்பது, அவுட் ஆன பேட்ஸ்மேனைச் சீண்டும் பேச்சையும் சைகையையும் மட்டுமே.

2025-ல் லக்னோவின் திக்வேஷ் ராதியைப் பாருங்க. விக்கெட் எடுத்தா நோட்டுல பெயர் எழுதுற மாதிரி ஒரு சைகை. பஞ்சாபின் பிரியான்ஷ் ஆர்யா பக்கத்துல போய் எழுதினார்: மேட்ச் ஃபீயில் 25% அபராதம், 1 டீமெரிட் புள்ளி. அடுத்த மேட்ச், மும்பையின் நமன் தீர்: 50%, 2 புள்ளி. அப்புறம் கொல்கத்தாவின் சுனில் நரைனை அவுட் ஆக்கிட்டு, புல்தரையில் எழுதினார். அபராதமே இல்லை! அதே எழுத்து, பேப்பர்தான் வேற. மே 19 அன்று ஹைதராபாத்தின் அபிஷேக் சர்மாவோடு நேருக்கு நேர் மோதல்: மறுபடி 50%, 2 புள்ளி. மொத்தம் 5 ஆனதால் ஒரு மேட்ச் தடை.

விதி எனக்கு ஓகே. உறுத்துறது பணம்தான். மேட்ச் ஃபீ எல்லாருக்கும் 7.5 லட்சம். மூணு அபராதமும் சேர்ந்து 9 லட்சத்தைத் தாண்டுது. ராதி ஏலத்தில் போனது 30 லட்சத்துக்கு. அதே டீமில் 27 கோடிக்குப் போன ரிஷப் பண்ட் இதையே செஞ்சிருந்தாலும், கட்ட வேண்டியது அதே 9 லட்சம்தான்.